முனிரத்தினம் அண்ணன் பார்த்த புல்வெளி

காஷ்மீரில் சுற்றுலாப் பயணிகள் மீது துப்பாக்கிச் சூடு என்று எதிர் பேக்கரியின் டிவியில் சொல்லிக்கொண்டிருந்தபோதே, எங்கள் குழுவோடு போயிருந்த வழிகாட்டி பிரகாஷ் போன் செய்தான். ஆஸ்டின் டவுனில் இருக்கும் எங்கள் சின்ன டிராவல்ஸ் ஆபீசில் அந்தப் பிற்பகல் நான் மட்டும்தான் இருந்தேன். பயணிகள் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். "இருக்காங்க மேடம்." "இருக்காங்க." "கால்ல அடி, ஆஸ்பத்திரில சேத்திருக்கு." பட்டியல் முடிந்தது. அவன் போனை வைக்கவில்லை. "இன்னும் ஒருத்தர நீங்க கேக்கல மேடம்" என்றான்.

எங்கள் பட்டியலில் சமையல்காரர் பெயர் இருக்காது. ஆனால் நான் கேட்காமல் இருந்ததற்குக் காரணம் அதுவல்ல. கேட்கப் பயந்தேன். ஏன் பயந்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களோடு பயணம் வந்த உங்களில் பலருக்கு முனிரத்தினம் அண்ணனை முகம் பார்த்துத் தெரியாது. கை ருசி தெரியும். எங்கள் ஆபீசுக்குப் பக்கத்து நீலசந்திராக்காரர். கல்யாணச் சமையலை விட்டுவிட்டு எங்களிடம் வந்தவர். வடக்கே போனால் நம் ஆட்களுக்கு இரண்டாம் நாளே சாதமும் ரசமும் கேட்கும். அதனால் எங்களைப் போன்றவர்கள் குழுவோடு ஒரு சமையல்காரரையும் பாத்திரங்களையும் சேர்த்தே அனுப்புவோம். நீங்கள் ஊர் சுற்றப் போவீர்கள். அவர் விடுதியின் பின்பக்கத்தில் அடுப்போடு இருப்பார். பதினோரு தடவை காஷ்மீர் போயும் அவர் பார்த்தது அந்தப் பின்பக்கத்தை மட்டும்தான். திரும்பி வந்ததும் நீங்கள் வழிகாட்டிக்குக் கை கொடுத்தீர்கள். குறையாகச் சொல்லவில்லை, நானும் அதே ரகம்தான்.

ஒருமுறை நானும் குழுவோடு போயிருந்தேன். பெரியவர் ஒருவர் ரசம் வீட்டு ரசம் போல இல்லை என்று மூன்று வேளையும் முகத்தைச் சுளித்தார். நான்காவது வேளை அண்ணன் கரண்டியோடு அவர் முன்னால் வந்து நின்றார். "வீட்டு ரசம் வேணும்னா வீட்ல இருக்கணும் சார். ஊரு பாக்க வந்தா முனிரத்தினம் ரசம்தான்." அன்றைக்கு இரண்டு முறை ரசம் வாங்கிக் குடித்தவர் அந்தப் பெரியவர்தான். அண்ணனுக்குக் கோபம் மூக்கின் மேல்தான் இருக்கும். ஆனால் யாரும் பசியோடு படுக்க விடமாட்டார்.

அதே பயணத்தில் ஒரு நாள் திடீரென்று கடையடைப்பு. தெருவில் ராணுவ வண்டிகள் மட்டும்தான் ஓடின. எங்களிடம் காய் இல்லை. நாங்கள் எப்போதும் தங்கும் விடுதியின் உள்ளூர்ச் சமையல்காரர் தன் வீட்டுத் தோட்டத்துக் கீரையைப் பறித்துவந்து கொடுத்தார். இவருக்கு இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஆனாலும் இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து ஆய்ந்தார்கள். கூட்டு ஆனதும் முதல் கிண்ணம் அந்த மனிதர் வீட்டுக்குத்தான் போனது. நான் பயந்துபோய் இருந்ததைப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "சும்னே பயப்படாதீங்க மேடம். இங்கயும் நம்மள மாதிரி வயித்துக்குதான் ஓடினு இருக்காங்க."

இனி அந்தக் காலை. ஓர் அம்மாவுக்குக் காய்ச்சல், மலைமேல் புல்வெளிக்குப் போக ஏற்பாடு செய்திருந்த குதிரை ஒன்று மிச்சம், ரத்து செய்துவிடட்டுமா என்று கேட்க அண்ணன் அங்கிருந்து போனில் கூப்பிட்டார். "நீங்க போயிட்டு வாங்கண்ணா" என்றேன்.

"நானா? வடைக்கு உளுந்து ஊறுது மேடம்."

"ஒரு நாளைக்கு எல்லாரும் ஹோட்டல்ல சாப்பிடட்டும். பதினோரு வாட்டி போயும் ஒண்ணும் பாக்கலியே நீங்க."

"சரி. நீங்க சொல்றீங்கன்னு போறேன்" என்றார்.

எங்கள் குழுவில் இறந்தவர் அவர் ஒருவர்தான். பாத்திரங்கள் தனியாக லாரியில் வந்து சேர்ந்தன. அந்த உள்ளூர்ச் சமையல்காரர் அத்தனையையும் தேய்த்துக் கழுவி, துணி சுற்றி அனுப்பியிருந்தார். ஊறவைத்த உளுந்து என்ன ஆயிற்று என்று பிரகாஷிடம் கேட்டேன். யாருக்கும் கொட்ட மனம் வரவில்லை, மூன்றாம் நாள் நுரைத்துப் பொங்கி வழிந்தது என்றான். இப்போதெல்லாம் வீட்டில் மாவு பொங்கினால் நான் சமையலறைக்குள் போவதில்லை.

காரியம் முடிந்து பல நாள் கழித்துத்தான் அவர் மனைவி சரோஜா அக்காவைத் தனியாகப் பார்க்கத் துணிந்தேன். இதைச் சொல்லாமல் இனி ஒருநாள்கூடத் தள்ள முடியாது என்று ஆகிவிட்டது. வாசலில் நின்றபடியே சொன்னேன். "அக்கா, அவர மேல போகச் சொன்னது நான்தான். அவரு வேணாம்னாரு."

"தெரியும்" என்றார். "காலைல போன் பண்ணாரு. மேடம் போகச் சொல்றாங்க, அந்த நீலச் சட்டைய போட்டுக்கறேன்னு சொன்னாரு. நீயா வந்து சொல்றியான்னு பாத்துனு இருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் அழவில்லை. "வெளிய போன்னு சொல்லவும் வரல. பரவால்லன்னு சொல்லவும் வரல. உள்ள வந்து உக்காரு" என்றார்.

அப்புறம் கேட்டார்: "பாத்தாரா?"

அண்ணன் மேலே போனதும் எனக்கு அனுப்பிய குரல் பதிவு ஒன்று என் போனில் இருக்கிறது. அதுவரை யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. போட்டேன். "மேடம், முனிரத்தினம். மேல வந்துட்டேன். இன்னா பச்ச மேடம்! நம்ம ஊரு கப்பன் பார்க்கெல்லாம் இதுக்கிட்ட நிக்கவே முடியாது. நீங்க சொல்லலன்னா நான் பாத்திருக்கவே மாட்டேன். ரொம்ப தேங்க்ஸ் மேடம்." பின்னால் குழந்தைகள் சிரிக்கிற சத்தம்.

அக்கா இரண்டு முறை கேட்டார். அனுப்பட்டுமா என்றேன். "வேணாம். என் போன்ல இருந்தா தெனமும் கேப்பேன். உன்கிட்டயே இருக்கட்டும். கேக்கணும்னு தோணினா வர்றேன்."

சில சனிக்கிழமைகளில் ஆபீசுக்கு வருகிறார். கதவைச் சாத்திவிட்டு இருவரும் கேட்கிறோம். அண்ணனிடமிருந்து என்னிடம் தங்கிவிட்டது இது ஒன்றுதான்: அவரைச் சாவுக்கு அனுப்பியவளுக்கு, அது தெரியாமல் அவர் சொன்ன நன்றி.