பைத்தியம் தெளிய அருவிக்குப் போனேன்

நாற்பத்தாறு வயதில் எனக்குத் திடீர் திடீரென்று உடல் கொதித்தது. தூக்கம் போனது. காரணமில்லாமல் அழுதேன். மாதவிலக்கு நின்றிருந்ததை வெட்கத்தால் யாரிடமும் சொல்லவில்லை. சித்தம் கலங்குகிறது என்றே நம்பினேன்.

பைத்தியம் பிடித்தவர்களை அருவியில் நிறுத்தினால் தெளியும் என்று, கணவர் தென்காசியிலிருந்து வில்வண்டியில் குற்றாலத்துக்கு அழைத்துப் போனார். "தெளியலன்னா உங்க அண்ணன் வீட்டுல விட்டிருதேன்" என்றார்.

அருவியில் ஒருத்தியைக் கயிற்றால் கட்டி நிறுத்தியிருந்தார்கள். அடுத்தது நான்.

தலை துவட்டிக்கொண்டிருந்த செங்கோட்டைக்காரி ஒருத்தி, "எதுக்கும்மா நடுங்குதே?" என்றாள். கொதிப்பையும் அழுகையையும் சொன்னேன்.

"வீட்டுக்குத் தூரமாகுதது நின்னுட்டா?"

தலையசைத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"எனக்கும் இப்படித்தான் கொதிச்சுது. வீட்டுக்காரவுக மேல விசிறியைத் தூக்கி எறிஞ்சிருக்கேன். ரெண்டு வருசத்துல அடங்கிட்டு. பைத்தியம் இவ்வளவு நறுவிசா சேலை கட்டிட்டு நிக்குமா?"

அருவியில் நிற்காமலே திரும்பி, மாதவிலக்கு நின்றதை முதன்முறையாகக் கணவரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"முன்னமே சொல்லப்பிடாதாட்டி? நானும் பயந்துட்டேன்."

வீட்டுக்குப் புறப்பட்டோம். வண்டியில் ஏறும்போதும் கட்டுண்டிருந்தவளின் அலறல் கேட்டது. அவளுக்கும் ஏறக்குறைய என் வயதுதான். அவளிடம் யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டார்களா என்று எனக்குத் தெரியாது.