கருப்பண்ணன் பார்த்த இரண்டாம் பாதி

கரியாலூர் கருப்பண்ணன், கள்ளக்குறிச்சி பெரியம்மாள் டாக்கீஸில் பதினோரு வருடம் படம் பார்த்தவர். ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்க்காதவர். குற்றம் அவருடையதல்ல. மேட்னி இரண்டரைக்கு ஆரம்பம், மலைக்குக் கடைசி பஸ் நாலரைக்கு. மலைமக்களுக்குக் காகிதத்தில் அப்போதே ஒதுக்கீடு இருந்தது, பஸ்ஸில்தான் இல்லை. மாதம் ஒருமுறை கடுக்காய் மூட்டையை மண்டியில் இறக்கிவிட்டு, பெஞ்சு டிக்கெட்டில் உட்காருவார். இடைவேளை மணி அடித்ததும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுவார்.

இதனால் சினிமாவைப் பற்றி அவருக்குத் தீர்மானமான ஒரு கருத்து இருந்தது: மனிதர்களைப் பிரித்துவைப்பதே அதன் வேலை. அவர் பார்த்தவரை திருவிழாவில் தொலைந்த பிள்ளைகள் தொலைந்தபடியே இருந்தார்கள். ஜெயிலுக்குப் போன அண்ணன்கள் ஒருவரும் வெளியே வரவில்லை. டிக்கெட் கிழிக்கும் தங்கதுரை மீதிக் கதையைச் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொள்வார். கண்ணால் காணாததை நம்புகிற ஆளில்லை அவர். சாமி கும்பிடும்போது மட்டும், மனைவி மாரிக்கும் இரண்டு மாடுகளுக்கும் அடுத்தபடியாக, அந்தக் குடும்பங்களையும் நல்லபடியாக வைக்கச் சொல்லி வேண்டிக்கொள்வார்.

எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். கருப்பண்ணன் காலை பஸ்ஸில் இறங்கினார். மத்தியானத்துக்குள் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். ஊரே கவலையில் இருந்தபோது, தங்கதுரை அவருக்கு ஒரு சேதி சொன்னார்.

“பஸ்ஸு கெடையாதுண்ணே. இன்னிக்காவது குந்திக்கினு முழுசா பாரு.”

கருப்பண்ணன் கணக்குப் போட்டுப் பார்த்தார். நாளைக்கே மரத்தை அகற்றிவிட்டால் பஸ் வந்துவிடும். இப்படி ஒரு நாள் இனி வாய்க்காது. படத்தில் தாய் ஒரு பக்கம், மூன்று பிள்ளைகள் மூன்று பக்கம். கடைசிப் பிள்ளை ரயிலேறியபோது மணி அடித்தது.

கருப்பண்ணன் எழுந்தார், வேட்டியை மடித்துக்கட்டினார், ஓடினார். பதினோரு வருடம் பழகிய கால்கள் அவரைக் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு கிடந்த புளியமரத்தில் மோதிக்கொள்ளப் போனபோதுதான் அவருக்கு நினைவு வந்தது. மரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எங்கே போகணும் என்று விசாரித்தார்கள். டாக்கீஸுக்கு என்றார். டாக்கீஸ் அவர் வந்த பக்கம் இருப்பதாக அவர்கள் மரியாதையாகவே சொன்னார்கள்.

திரும்பி ஓடும்போது அழுகை முட்டியது. இந்நேரம் பாதி போயிருக்கும்.

போகவில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, திரை வெள்ளையாக இருந்தது, முப்பது பேர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். கருப்பண்ணன் ஓடிவிட்டதைத் தங்கதுரை போய்ச் சொல்ல, முதலாளி நாராயணசாமி ஆபரேட்டரின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். கரண்டு கோளாறு என்று வெளியே சொல்லியிருக்கிறார். விளக்கு எரிந்ததையும் மேலே காற்றாடி சுற்றியதையும் யாரும் கவனிக்கவில்லை.

முறுக்கு விற்கும் ராணியம்மாள் மட்டும் கவனித்திருந்தாள். “மாப்ள வந்துட்டாரு. இனிமே கரண்டு வந்துடும், பாரு.”

கரண்டு வந்தது. கருப்பண்ணன் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், கால்கள் மறுபடி கிளம்பிவிடாதபடிக்கு. முதல் பிள்ளை கிடைத்தான். இரண்டாவது கிடைத்தான். ரயிலேறியவன் போலீஸ் உடுப்பில் வந்து தாயின் காலில் விழுந்தபோது, மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்புறம், மிச்சத்தைப் பார்க்காமல் விட்டுவிடுவோமே என்று அவசரமாகத் துண்டை விலக்கினார்.

வெளியே வந்ததும் நாராயணசாமிக்கு முன்னால் போய்க் கும்பிட்டு நின்றார்.

“எல்லாரையும் சேத்து வச்சிட்டீங்க மொதலாளி. உங்க புள்ளகுட்டிங்க நல்லாருக்கணும்.”

நாராயணசாமி அந்தப் படத்தை எடுத்தவருமில்லை, எழுதியவருமில்லை. ஆனால் மறுக்கவில்லை. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

“ரொம்ப செரமமாத்தான் இருந்துச்சு கருப்பண்ணா. அந்த மூணாவது பையன்தான் லேசுல வரல.”