பேர் எழுதாத கூரை

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு மண்டபம் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ராஜபாளையத்திலோ இருக்கும். வாசலிலேயே யாருடையது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். வன்னியம்பட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருக்காரர்களுக்குத்தான் ஒன்றும் கிடையாது. என் அண்ணன் கல்யாணம் தெருவில் பந்தல் போட்டு நடந்தது. மழை வந்து பந்தியையே கலைத்துவிட்டது. அதை என் மதினி மறக்கவே இல்லை.

பள்ளிக்கூடம் புதுக் கட்டடத்துக்குப் போன பிறகு, பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிக்கப் பேச்சு வந்தது. "ஊர்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்த எடம் அது ஒண்ணுதான். அதையும் இடிச்சிட்டா பொறவு எங்க போயி உக்கார?" என்று கிராம சபையில் எழுந்து கேட்டவள் மதினிதான். மில்லில் ஷிப்டு முடித்து, தலையில் ஒட்டிய பஞ்சோடு வந்து நின்றாள். நானெல்லாம் வாய்க்குள் முணுமுணுக்கிற ரகம். ஐப்பசி மழைக்குள் கூரையைச் சரிசெய்தால் பொதுக்கூடமாக வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் இடிப்பு என்று முடிவானது.

மேலத்தெரு அண்ணாச்சி ஒருவர் மொத்தக் கூரையையும் போட்டுத் தருவதாகச் சொன்னார். வாசலில் அவர் சமுதாயத்தின் பேரில் உபயக் கல் பதிக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊரில் கோயிலுக்கு ட்யூப்லைட் கொடுத்தால்கூட வெளிச்சத்தை மறைக்கிற மாதிரி பேர் எழுதித்தான் கொடுப்பார்கள். அதனால் யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. எனக்கும்தான்.

மதினி ஒத்துக்கொள்ளவில்லை. "பேரு வச்சா அது ஒங்க மண்டபம் ஆயிரும் அண்ணாச்சி. நாங்க பழையபடி வாசல்லதான் நிக்கணும்," என்றாள், குரலை உயர்த்தாமல். அவர் முகம் கறுத்துவிட்டது. கையில் வந்த கூரையை விட்டாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அதன் பிறகு அவள் செய்ததை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது. மாடி வீடு கட்டியவர்கள் பழைய ஓடுகளைக் கொல்லையில் அடுக்கி வைத்திருப்பார்கள். ஷிப்டு இல்லாத நேரமெல்லாம் தெருத் தெருவாகப் போய் அதைக் கேட்டாள். டீக்கடை பாய் கொடுத்தார், சர்ச் தெருவிலும் கொடுத்தார்கள். "கொழுந்தனாரே, வேடிக்கை பாக்காம வண்டியத் தள்ளுங்க," என்று என்னையும் இழுத்துவிட்டாள். கடைசியில் அண்ணாச்சி வீட்டு டிராக்டரும் ஓட்டோடு வந்து நின்றது. இறக்கி அடுக்கினோம். கூரை பல நிறத்தில் பார்க்கச் சகிக்காமல் இருந்தாலும், மழைக்கு முன்னால் முடிந்துவிட்டது.

முதல் விசேஷம் மதினி மகளின் வளைகாப்பு. அண்ணாச்சியும் வந்து பந்தியில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் அதுவரை அவர் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. சோறு போடும்போது மழை பிடித்துக்கொண்டது. கூரை தாங்கியது, ஒரே ஒரு இடம் தவிர. சொட்டு நேராக அண்ணாச்சியின் இலையில் விழுந்தது.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, அது யாரு வீட்டு ஓடு?"

"யாருக்குத் தெரியும் அண்ணாச்சி! செத்த தள்ளி உக்காருங்க," என்றாள் மதினி, சாம்பார் வாளியோடு.

அவர் இலையை இழுத்துக்கொண்டு நகர்ந்து, என் அண்ணனோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். "சரி, ரசத்தைக் கொண்டா," என்றார்.