தரிசுக்குப் பாய்ச்சிய தண்ணீர்

சுருளியாண்டியிடம் ஒரு பிடி கேட்டால் ஒரு படி அள்ளிப் போடுவார். அனுமந்தன்பட்டியில் அவர் தோட்டத்துக் கிணறு கோடையிலும் வற்றாது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. தாராள மனசும் கர்வமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவரே சாட்சி.

மகள் பவானி திருப்பூர் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் லாரி மோதிச் செத்தபின் கைக்குழந்தையை அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனவள். பவானியின் அம்மா அதற்கு முன்பே காலமாகியிருந்தாள். பேத்தி மாரீஸ்வரிக்குச் சோறூட்டுவது, சடை பின்னுவது எல்லாம் சுருளியாண்டிதான். சடை கோணலாகத்தான் வரும். தீபாவளி பொங்கலுக்கு வருகிற அம்மாவிடம் பிள்ளை முதலில் ஒட்டாது. ஒட்டுகிற நேரத்தில் பவானி பஸ் ஏறிவிடுவாள்.

அப்போதுதான் ஊரில் ஒரு பேச்சு வந்தது. மேற்கே கிடக்கும் கரட்டுத் தரிசில் தைவான்காரர்கள் செருப்புக் கம்பெனி போடப் போகிறார்களாம். இடம் பார்க்க வருகிறார்கள். பெரும்பாலும் பெண்களுக்குத்தான் வேலை. சுருளியாண்டி அன்றே மகளுக்குப் போன் போட்டார்.

“இன்னும் கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்க ஆத்தா. கம்பெனி இங்கனயே வருது. காலையில போயிட்டுச் சாயந்திரம் பிள்ளைகிட்ட வந்துரலாம்.”

தொழில் துறை அதிகாரி ஊராரைக் கூட்டிப் பேசினார். “வர்றவுக ரோடு, கரண்டு, தண்ணி மூணையும் பாப்பாக. இது காஞ்ச கெட்டி நிலம், கட்டடத்துக்குத் தோதுன்னு எழுதிக் கொடுத்திருக்கோம். நீங்க மரியாதையா நின்னாப் போதும்.”

சுருளியாண்டியின் காதில் தண்ணீர் மட்டும்தான் விழுந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் பெண்ணை வெறுங்கழுத்தோடு நிறுத்துவார்களா? அவர்கள் வருவதற்கு முந்தின நாள் ஓஸ் குழாயை இழுத்துவிட்டு, தன் மோட்டாரை ஓடவிட்டு, தரிசு முழுக்கப் பாய்ச்சினார். யாரும் தடுக்கவில்லை. நல்ல காரியம் என்று இரண்டு பேர் மண்வெட்டியோடு கூட வந்தார்கள்.

மறுநாள் வந்தவர்களில் கட்டட இன்ஜினீயரின் கால் கணுக்கால்வரை சேற்றில் இறங்கியது. காய்ந்த நிலம் என்றீர்களே என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார். அதிகாரி விழித்தார். சுருளியாண்டி பெருமையாக முன்னால் வந்தார்.

“நாந்தான் சார் பாய்ச்சுனேன். தண்ணி இருக்கிறதக் கண்ணால பாக்கட்டும்னுதான்.”

அது வந்தவர்கள் பாஷைக்குப் போயிற்று. அவர்களில் மூத்தவர் சிரித்தபடியே ஏதோ கேட்டார்.

“பாக்க வர்றோம்னு நிலத்தையே மாத்திட்டீங்க. எழுதிக் கொடுத்ததுல இன்னும் எதெல்லாம் மாத்துனதுன்னு கேக்கிறாரு” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

எழுதிக் கொடுத்தது எல்லாமே உண்மை. அதிகாரி தொண்டை வற்றச் சொன்னார். கேட்டுக்கொண்டார்கள், இளநீர் குடித்தார்கள், போய்விட்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

கம்பெனி அரியலூர் பக்கம் போயிற்று. துறைமுகம் தூரம், ரோடு குறுகல் என்று அதிகாரி பிறகு ஆறுதலுக்கு ஆயிரம் காரணம் சொன்னார். சுருளியாண்டி ஒன்றையும் நம்பவில்லை. அதன்பின் மோட்டார் போடும்போதெல்லாம் மேற்குப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார்.

அரியலூரில் கட்டடம் எழும்பி வேலைக்கு ஆள் எடுத்தபோது பவானி ஊருக்கு வந்தாள். அத்தனை சந்தோஷமாக அவளை அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

“அந்தக் கம்பெனியிலயே எனக்கு வேலை கெடச்சிருச்சுப்பா. பிள்ளைகளப் பாத்துக்கிற எடமும் உள்ளயே இருக்கு. மாரியக் கூட்டிட்டுப் போறேன். நீயும் வாப்பா.”

“தோட்டத்த யாருகிட்ட விட்டுட்டு வர? நீங்க நல்லாருந்தாச் சரி.”

கம்பெனி ஏன் இங்கே வராமல் போனது என்று அவளுக்குத் தெரியாது. அவர் பிள்ளையின் துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் மாரீஸ்வரியை ஜன்னல் ஓரம் உட்கார வைத்தார்கள். அன்றைக்குச் சடை அம்மா பின்னியது, நேராக இருந்தது. பிள்ளை கம்பி வழியாக அவர் விரலைப் பிடித்துக்கொண்டது.

“தாத்தா, அந்தக் கம்பெனிய நம்ம ஊருலயே கட்டச் சொல்லேன். அம்மாவும் இருக்கும், நீயும் இருப்ப.”

“சொன்னேன் ஆத்தா” என்றார் சுருளியாண்டி. “தாத்தாவுக்குச் சரியாச் சொல்லத் தெரியல.”

பஸ் நகர்ந்தது. பிடித்திருந்த விரலைப் பிள்ளைதான் விட்டது.