தொலைந்துபோன முதல் நாலு எழுத்து

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழேகால் மணிக்கு போன். கூடலூர் பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் பீல்டு ஆபீசராக இருக்கும் ராஜகோபால். எப்போதும் குன்னூர் குளிரை விசாரித்துவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பார். அன்று நேராக விஷயத்துக்கு வந்தார்.

"மேடம், லைட்டு எரியலீங்க. யானைக்கு முன்னால ஒரு அம்மா போய் நின்னுட்டாங்க... உசுருக்கு ஒண்ணும் இல்லீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் முதலில் சொல்லியிருக்கலாம்.

என்ன லைட்டு? அந்த எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில், ஒரு கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு இருக்கிறது. காட்டோரம் காவல் பார்ப்பவர் யானையைக் கண்டால் கையிலிருக்கும் கருவியில் ஒரு பட்டனை அமுக்குவார். அது ரேடியோ வழியாகக் கம்பத்துப் பெட்டிக்குச் செய்தி அனுப்பும். விளக்கு எரியும். எரிந்தால் குறுக்குப் பாதையில் போகாதே என்று அர்த்தம். எளிமையான ஏற்பாடு.

பெட்டிக்குள் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், ஒரு பேட்டரி. மேலே சோலார் தகடு. சிக்கல் அங்கேதான். மழைக்காலத்தில் கூடலூரில் சூரியனைப் பார்ப்பது அபூர்வம். மூன்றாவது நாள் பேட்டரி தீர்ந்துவிடும். இதைச் சரிசெய்ய முடியுமா என்று ராஜகோபால் கேட்டபோது, முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அதுதான் என் பிழைப்பே.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் சம்பளம் வாங்குவது கம்ப்யூட்டர்களைத் தூங்க வைப்பதற்காக. போனோ லேப்டாப்போ, எதுவாக இருந்தாலும் அதன் அடிமட்டத்தில் கெர்னல் என்றொரு மென்பொருள் இருக்கிறது. புராசஸருக்கு வேலை இல்லாதபோது அதை என்ன செய்வது என்று முடிவெடுப்பது அதன் பொறுப்பு. அடுத்த வேலை எப்போது வரும் என்று கணக்குப் போடும். சீக்கிரமே வரும் என்றால் லேசாகக் கண்ணயர விடும். நேரமாகும் என்றால் ஆழ்ந்த தூக்கம். ஆழத் தூங்கினால் மின்சாரம் நிறைய மிச்சம். ஆனால் எழுந்திருக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். எவ்வளவு? கண் இமைக்கும் நேரத்தில் ஒரு துளி. அதை யார் கவனிக்கப் போகிறார்கள்?

இன்னொன்று, பவர் டொமைன். சிப்புக்குள் இருக்கும் பாகங்களைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு ஸ்விட்ச். லைன் வீடுகளில் நாலு குடும்பத்துக்கு ஒரே ப்யூஸ் இருக்குமே, அந்த மாதிரி. நாலு வீட்டிலும் ஆள் இல்லை என்று தெரிந்தால்தான் ப்யூஸைப் பிடுங்கலாம். எந்த வீட்டில் ஆள் இருக்கிறது, எதில் இல்லை என்று கெர்னலுக்கு எழுதிக்கொடுப்பது என்னைப் போன்றவர்கள்.

இரண்டு நாள் லீவு போட்டு எழுதினேன். ஆழ்ந்த தூக்கத்தை அனுமதித்தேன். ரேடியோ அமைதியாக இருக்கும்போது, அதிலிருந்து வரும் எழுத்துகளை வாங்கிக்கொள்ளும் பாகத்தையும் "ஆள் இல்லாத வீடு" பட்டியலில் சேர்த்தேன். செய்தி வந்தால் ரேடியோவே தட்டி எழுப்பும், அப்போது எல்லோரும் எழுந்துகொள்வார்கள் என்பது என் ஏற்பாடு.

குன்னூரில் என் மேஜை மேல் வைத்து சோதித்தேன். பட்டனை அமுக்க அமுக்க விளக்கு எரிந்தது. ஒருமுறைகூடத் தவறவில்லை. மின்சாரம் எவ்வளவு குடிக்கிறது என்று அளந்தேன். பாதிக்கும் கீழே. கொண்டுபோய் மாட்டியாயிற்று. மழையில் ஐந்து நாள் விடாமல் ஓடியது. அந்த ஐந்து நாளும் யானை எதுவும் வரவில்லை. ராஜகோபால் வாட்ஸப்பில் கும்பிடு போட்டிருந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஆறாவது நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

போன் வந்ததும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஊட்டி தாண்டி, நடுவட்டம் இறங்கி... வழியெல்லாம் மூடுபனி. வண்டியில் பாட்டு எதுவும் போடவில்லை. நான் எழுதிய நிரலின் ஒவ்வொரு வரியையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். தப்பு தென்படவில்லை. தென்படாதவரை நல்லது என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெட்டியைத் திறந்து லேப்டாப்பில் இணைத்தேன். பெட்டி தன் நடவடிக்கைகளையெல்லாம் பதிவு செய்துவைக்கும். காலை ஆறே முக்காலுக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. வந்ததை வாங்கியும் இருக்கிறது. ஆனால் செய்தியில் முதல் நாலு எழுத்து இல்லை. அரைகுறைச் செய்தியை நம்பாதே, தூக்கிப் போடு என்று மென்பொருளில் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறார்கள். அது ஒழுங்காகத் தூக்கிப் போட்டிருக்கிறது.

ரேடியோ தட்டியதும் புராசஸர் எழுந்திருக்கிறது. அணைத்து வைத்த பாகத்துக்கு மின்சாரம் போய், அது தயாராவதற்குள் முதல் நாலு எழுத்து கடந்து போய்விட்டது. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு துளி என்றேனே, அந்தத் துளி. காவல்காரர் இரண்டாவது முறை அமுக்கியிருந்தால் அது விழித்திருந்து வாங்கியிருக்கும். அவர் ஒருமுறைதான் அமுக்கினார். ஒருமுறை போதும் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

என் சோதனையில் ஏன் அகப்படவில்லை? பட்டனை அமுக்கிப் பார்த்தபோதெல்லாம் லேப்டாப்போடு கேபிள் போட்டு வைத்திருந்தேன். கேபிள் இருந்தால் பெட்டி ஆழத் தூங்கவே தூங்காது. மின்சாரத்தை அளந்தபோது கேபிளைக் கழற்றிவிட்டேன். நிம்மதியாகத் தூங்கியது, ஆனால் அப்போது பட்டனை அமுக்கவில்லை. இரண்டையும் சேர்த்து ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இருபது வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன் என்பதை இங்கே குறிப்பிட வேண்டுமா? குறிப்பிட்டுவிட்டேன்.

பிறகு அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். பெயர் சிவகாமி. ஐம்பது வயதிருக்கும். கொழுந்து பறிக்கிறவர். பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். இடது மணிக்கட்டில் கட்டு. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ராஜகோபால் நின்றுகொண்டே இருந்தார்.

நடந்ததைச் சிவகாமியே சொன்னார். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கிளம்பியிருக்கிறார். அவர்கள் பேச்சில் அது பெரட்டு. கம்பத்தைப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. குறுக்குப் பாதையில் இறங்கினார். வளைவு திரும்பினால் பனிக்குள் ஒற்றை யானை. எவ்வளவு தூரம் என்றேன். அறையின் எதிர்ச் சுவரைக் காட்டினார். தேயிலைக்குள் பாய்ந்தவர் மழைத்தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்து, மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தார். யானை சற்று நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போய்விட்டது. கை முறிந்தது விழுந்ததில்.

என் தப்புதான் என்றேன். பெட்டி மின்சாரம் மிச்சம் பிடிக்கத் தூங்கியதையும், அதை அப்படித் தூங்க வைத்தது நான் என்பதையும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். ராஜகோபால் சங்கடத்தோடு, மெஷின்னா அப்படித்தானுங்க என்று இடையில் புகுந்தார். சிவகாமி அவரைப் பார்க்கவில்லை.

"தூங்கட்டும்ங்க. பேட்டரி பத்தலன்னா அது என்ன செய்யும்?" என்றார். "ஆனா லைட்டு எரியலன்னா நாங்க யானை இல்லன்னு நெனச்சில்ல போறோம். அது தூங்குதா, செத்துப்போச்சான்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

நான் சரிசெய்ய வந்தது நாலு எழுத்தை. அவர் கேட்டது அதுவல்ல.

அன்றே இரண்டு வேலை செய்தேன். எழுத்து வாங்கும் பாகத்தின் மின்சாரத்தை ஒருபோதும் அணைக்காதே, இவ்வளவு நேரத்துக்கு மேல் எழத் தாமதமாகும் தூக்கம் எதையும் தேர்ந்தெடுக்காதே என்று கெர்னலுக்கு எழுதினேன். அதாவது லேசான கண்ணயர்வு மட்டும். இரண்டாவது, கம்பத்தில் ஒரு சின்ன பச்சை விளக்கு. பெட்டி உயிரோடு இருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தால் சில நொடிக்கு ஒருமுறை மினுக்கும். பச்சை இல்லையென்றால் எதையும் நம்பாதே. கேபிளைக் கழற்றிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே, காவல்காரரை இடைவெளி விட்டு அமுக்கச் சொல்லி மாலை வரை பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் எரிந்தது.

இதனால் பேட்டரி முன்புபோல் அத்தனை நாள் தாங்காது. அதையும் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

போன வாரம் மறுபடி ராஜகோபாலின் போன். விடாமழை. நாலாம் நாள் பேட்டரி தீர்ந்து, விடியும்போது பச்சை விளக்கு அணைந்திருக்கிறது. லைனில் ஒருத்தரும் குறுக்குப் பாதையில் இறங்கவில்லை. கையில் கட்டோடு சிவகாமி பாதை முனையில் நின்று எல்லோரையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். ரோட்டைச் சுற்றி வந்ததில் பெரட்டுக்கு அரை மணி நேரம் லேட். அன்றைக்கு யானை எதுவும் வரவே இல்லை என்று ராஜகோபால் வருத்தத்தோடு சொன்னார்.

"ஏனுங்க மேடம், இதுக்கு ஏதாச்சும் செய்ய முடியுங்களா?"

இன்னொரு சோலார் தகடு வாங்கச் சொன்னேன். மற்றபடி, நான் எழுதியவற்றுக்கு இதுவரை வந்த புகார்களிலேயே எனக்குப் பிடித்த புகார் இதுதான்.