மற்றப் பக்கத்தில் கொடிகாமத்தார்

பாரிசவாதம் வந்தபோது பிரகலாதனுக்கு வலக்கை விழுந்தது, வாய் விழவில்லை. அதுதான் கொடுமை. கதைக்க வாய் இருந்தது, கேட்க ஆள் இல்லை. மனைவி போய் ஆறு வருடம். மகள் றொசாந்தி ஜேர்மனியில். ஞாயிற்றுக்கிழமை போனில் “மருந்து குடிச்சனீங்களோ அப்பா?” என்பாள், “ஓம்” என்பார், பிறகு இருவரும் மழையைப் பற்றிக் கதைத்துவிட்டு வைப்பார்கள். காங்கேசன்துறைப் பக்கம், பாதி பூசிய வீட்டில் அவர் தனியே இருந்தார். பக்கத்து வீட்டு அற்புதராணி சோற்றைக் கொண்டுவந்து மூடி வைத்துவிட்டு ஓடிவிடுவாள். அவளுக்கும் ஆயிரம் வேலை.

அப்படியிருக்கத்தான் கஜந்தினி வந்தாள். பொறியியல் படித்துவிட்டு, பாரிசவாதக்காரர் அலுக்காமல் பயிற்சி செய்ய ஒரு பெட்டி செய்கிறேன் என்று திரிந்த பிள்ளை. முதல் பெட்டியில் கைப்பிடியை இழுத்தால் திரையில் பலூன் வெடிக்கும். பத்து வெடித்தால் ஒரு பெண்குரல் “மிக நன்று!” என்று கூவும். பிரகலாதன் இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள் பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார்.

“என்ன பிள்ளை, என்னைப் பாலர் வகுப்பிலை சேர்த்துப்போட்டியோ?”

“அப்ப உங்களுக்கு என்ன ஐயா பிடிக்கும்?”

அவரிடம் இப்படியொரு கேள்வியை யாரும் கேட்டு எத்தனையோ வருடம். மனிதர் விடுவாரா? இடம்பெயர்ந்து வடமராட்சி கிழக்கில் கரைவலை இழுத்த கதை முழுவதையும் கொட்டினார். வலையின் இரண்டு கயிற்றையும் கரையில் இரண்டு பக்கமாக நின்று இழுக்க வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலை கோணும், மீன் போய்விடும். மற்றப் பக்கத்து ஆளின் முகம் தெரியாத தூரத்தில் நின்றாலும் அவன் இழுக்கிறானா களைத்துவிட்டானா என்று கை சொல்லிவிடும்.

“கரைவலையைத் தனிய ஒருத்தன் இழுக்கிறேல்லை, பிள்ளை.”

மூன்று கிழமை கழித்து அவள் வேறொரு பெட்டியோடு வந்தாள். இதில் உண்மையான கயிறே இருந்தது. திரையில் ஒரு வலை.

“மற்றக் கயித்திலை உங்களைப்போல ஒருத்தர் இழுப்பார், ஐயா. கொடிகாமத்திலை இருக்கிறார். பெயர் சொல்லக்கூடாது. பின்னேரம் நாலு மணிக்கு வருவார். போனிலை சிக்னல் இருந்தால்தான் அவரின்ரை இழுவை இஞ்சை வரும்.”

நாலு மணிக்குக் கயிறு மெல்ல அசைந்தது. பிரகலாதனுக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. அன்றிலிருந்து அந்த ஆள் கொடிகாமத்தார். அவர் மெதுவானால் இவரும் மெதுவானார். இழுத்துக்கொண்டே மகளைப் பற்றியும் முழங்கால் நோவைப் பற்றியும் அவரிடம் சொன்னார். கஜந்தினி வரும்போதெல்லாம் கட்டா மீன் கருவாட்டில் ஒரு பொதி கட்டி, “கொடிகாமத்தாருக்குக் குடு” என்றார். மூன்று மாதத்தில் வலக்கை தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தது.

கார்த்திகைக் கடைசியில் புயல் அடித்தது. கரண்ட் இல்லை, சிக்னல் கோபுரம் விழுந்து போனும் செத்துக் கிடந்தது. பெட்டி பற்றரியில் ஓடும். இன்றைக்கு அவர் வரமாட்டார் என்று தெரிந்தும், பழக்க தோசத்தில் நாலு மணிக்கு அதைப் போட்டார். கயிறு அசைந்தது. வழக்கம்போல, ஒரு நிமிடம் பிந்தாமல்.

பிரகலாதன் கயிற்றை விட்டுவிட்டார். அன்றைக்கு அவர் சோற்றைத் தொடவில்லை.

வெள்ளம் வடிந்து கஜந்தினி வந்தபோது கருவாட்டுப் பொதி இல்லை. “புயலுக்கை ஊரே அடங்கிக் கிடந்தது. உன்ரை கொடிகாமத்தார் மட்டும் எப்பிடியடி பிள்ளை வந்தவர்?”

அவள் அழுதுவிட்டாள். “உண்மையா ஒருத்தர் இருந்தவர், ஐயா. நான் அவருக்குப் பெட்டி குடுக்க முந்தியே மகனோடை கொழும்புக்குப் போயிட்டார். வேறை ஆள் கிடைக்கேல்லை. நீங்கள் பயிற்சியை விட்டிடுவியளெண்டு பயத்திலை கொம்பியூட்டரை இழுக்க வைச்சனான்.”

“கருவாடு?”

“நான்தான் சாப்பிட்டனான்.”

அவருக்குக் கோபம் வந்தது. அதைவிட வெட்கம் வந்தது. முழங்கால் நோவையெல்லாம் ஒரு பெட்டிக்கல்லவா சொல்லியிருக்கிறார்! அவள் பெட்டியைக் கழற்றத் தொடங்கினாள். கயிறு வரவில்லை. திரும்பிப் பார்த்தாள். பிரகலாதனின் வலக்கை அதை இறுக்கிப் பிடித்திருந்தது.

“கிடக்கட்டும் பிள்ளை. ஒண்டு மட்டும் செய். மனிசர் எண்டால் சுணங்கும். இடைக்கிடை அவரைப் பிந்தி வரச் சொல்லு. எண்டைக்கெண்டு எனக்குச் சொல்லிப்போடாதை.”

ஐந்து நாள் கயிறு நேரத்துக்கு அசைந்தது. ஆறாம் நாள் நாலு மணிக்கு அசையவில்லை. நாலேகாலுக்கும் இல்லை. பிரகலாதன் வாசல் படலைப் பக்கம் எட்டிப் பார்த்தார், பிறகு கயிற்றைப் பார்த்தார், பிறகு தொண்டை கிழிய ஏசத் தொடங்கினார். “எங்கையப்பா போயிட்டீர்? நான் இஞ்சை வேலைவெட்டி இல்லாமலோ இருக்கிறன்?”

வேலிக்கு அப்பால் அற்புதராணி பயந்துபோய்க் கேட்டாள். “ஆரை அண்ணை ஏசுறியள்?”

“உவர் கொடிகாமத்தாரைத்தான்! இன்னும் வரேல்லை!” என்றார் அவர், கயிற்றை விடாமல்.