செலக்‌ஷன் முடியும் வரை

போன வாரம் ஓர் இளைஞரை நேர்காணல் செய்தேன். பெங்களூரில் எனக்கு அதுதான் வேலை, ஆள் எடுப்பது. இப்போதெல்லாம் யாரும் நேரில் வருவதில்லை, எல்லாம் திரையில்தான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, படிய வாரிய தலை என்று மனிதர் கச்சிதமாக உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒரு சான்றிதழைக் காட்டச் சொன்னேன். மறந்துபோய் சட்டென்று எழுந்துவிட்டார். இடுப்பில் லுங்கி! நீலத்தில் வெள்ளைக் கட்டம் போட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. எதையும் கவனிக்காதவள்போல அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

ஆனால் உண்மையில் நான் அடுத்த கேள்விக்குப் போகவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் லுங்கி நெய்யும் குடியாத்தத்துக்குப் போய்விட்டேன். அந்தக் கட்டத்தை எனக்குத் தெரியாதா? புது லுங்கியைப் பிரிக்கும்போது வரும் கஞ்சி வாசம்கூட வந்தது, திரையில் வாசம் வராது என்று யார் சொன்னாலும் நான் நம்பப்போவதில்லை. அப்பாவிடம் அப்படி மூன்று லுங்கிகள் இருந்தன. மூன்றும் துவைத்துத் துவைத்துக் கைக்குட்டைபோல மெத்தென்று ஆகியிருக்கும். தோல் பதனிடும் டேனரிக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு போவார். மாலையில் அவர் வருவதற்கு முன்னால் அந்த லுங்கியின் வாடை வரும். சுண்ணாம்பும் ஈரத்தோலும் சாயமும் சேர்ந்த வாடை. ஆம்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு பிரியாணி மணக்கும். எங்களுக்கு மணந்தது இதுதான், அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

எங்கள் வீடு ஆம்பூரை அடுத்த மாதனூர் பக்கம், பாலாற்றங்கரையை ஒட்டி. அப்பா டேனரியில் செலக்‌ஷன் பார்ப்பவர். நண்பரே, உங்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. பதப்படுத்தி முடித்த ஆட்டுத்தோல்களை மேசைமேல் விரித்துத் தரம் பிரிப்பதற்கு எங்கள் பக்கம் செலக்‌ஷன் என்று பேர். உண்ணி கடித்த தழும்பு, முள் கிழித்த கோடு, நரம்பு ஓடிய தடம் எல்லாம் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, இது ஃபர்ஸ்ட், இது செகண்ட், இது ரிஜெக்‌ஷன் என்று தனித்தனியாக அடுக்க வேண்டும். அப்பா இருபது வருடம் அதைச் செய்தார். பிறகு ஒருநாள் டேனரியை மூடிவிட்டார்கள்.

நான் அப்போது வாணியம்பாடியில் பி.காம். மூன்றாம் வருடம். நாலு மாதம் அப்பா வீட்டில் இருந்தார். முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் மாதம் திருப்பூரிலிருந்து மாமா ஒரு சேதி சொல்லி அனுப்பினார், அங்கே ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை இருக்கிறது, தங்க இடமும் தருகிறார்கள் என்று. அம்மா அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பொங்கலுக்கு தீவாளிக்கு வரலாம் இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

அப்பா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. பெரிதாக ஒன்றும் பேசமாட்டார் அவர். வருவார், குளிப்பார், வாசலில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகுவார், அவ்வளவுதான். ஆனால் அந்தத் திருகல் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது சாய்ந்த மாதிரி இருக்கும். அவரைப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வந்துபோகிற விருந்தாளியாக்கிவிட்டு நான் என்ன பி.காம். படித்துக் கிழிக்கப்போகிறேன் என்று இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி, செலக்‌ஷனுக்கு ஆள் எடுப்பதாகத் தெரியவந்தது. ஆனால் இன்டர்வியூ உண்டு. அப்பா ஆயுளில் இன்டர்வியூவைப் பார்த்ததில்லை. டேனரிகளில் ஆள் எடுக்கும் முறையே வேறு. "ஒரு பண்டல் போட்டுப் பாரு" என்பார்கள். மேசைமேல் ஒரு கட்டுத் தோலைப் போட்டுப் பிரிக்கவிட்டு, கை போகிற போக்கைப் பார்ப்பார்கள், முடிந்தது விஷயம்.

இங்கேதான் நான் உள்ளே நுழைகிறேன், பெரிய மேதாவி. எங்கள் கல்லூரியில் நேர்காணலுக்குத் தயாராவது எப்படி என்று இரண்டு நாள் வகுப்பு எடுத்திருந்தார்கள். ஐம்பது கேள்வி பதில் கொண்ட ஒரு புத்தகமும் கொடுத்திருந்தார்கள். நானே அதுவரை ஒரு நேர்காணலுக்கும் போனதில்லை என்பதை அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வீட்டில் பழகினால் அம்மா சிரிக்கிறாள் என்று ஆற்றுக்குள் போனோம். பாலாற்றில் தண்ணீர் எங்கே இருந்தது, மணல்தான். விடிந்தும் விடியாத நேரம், மணல்மேல் மெல்லிய பனி நிற்கும். எதிர்க்கரைத் தென்னைகள் இருக்கின்றனவா இல்லையா என்று தெரியாது. பச்சகுப்பம் பக்கமிருந்து ரயில் ஊதுவது தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோலக் கேட்கும். நான் ஒரு கல்லின்மேல் மேனேஜராக உட்கார்ந்திருப்பேன். அப்பா தூரத்திலிருந்து நடந்து வந்து, இல்லாத கதவைத் தட்டி, "மே ஐ கமின் மேடம்" என்பார். இப்போதும் தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில் அவர் அந்தப் பனிக்குள்ளிருந்து வந்துகொண்டே இருக்கிறார். வந்து சேர வெகுநேரம் பிடிக்கிறது.

"உங்க ஹாபி என்ன?"

"அப்டின்னா இன்னாம்மா?"

"உனக்கு ரொம்பப் பிடிச்சது எது, அதுப்பா."

யோசித்துவிட்டு, "ஞாயித்துக்கெழம மத்தியானம் தூங்கறது" என்றார்.

தோட்ட வேலை என்று சொல்லச் சொன்னேன். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு முருங்கை மரம், அதுவும் பக்கத்து வீட்டுக்காரருடையது.

உங்கள் பலவீனம் என்ன என்ற கேள்விதான் எங்களைப் படாதபாடு படுத்தியது. புத்தகத்தில் அதற்கு ஒரு கெட்டிக்காரப் பதில் இருந்தது. 'நான் அளவுக்கு மீறி உழைப்பேன், அதுதான் என் பலவீனம்.'

அப்பா ஒத்துக்கொள்ளவே இல்லை. "ஜாஸ்தியா வேல செஞ்சா அது எப்டிம்மா வீக்னஸ்? தோல்ல ஓட்ட இருந்தா ஓட்டன்னுதான் சொல்லணும். பூன்னு சொல்ல முடியுமா?"

"ப்பா, நீ இதச் சொல்லு போதும். எல்லாரும் இதான் சொல்வாங்க."

"எல்லாரும் சொன்னா அவங்களுக்குத் தெரியாதா? பேஜாரு புடிச்ச கேள்விம்மா இது."

கடைசியில் எனக்காக மனப்பாடம் செய்தார். அது போதாதென்று அவர் கைகளையும் ஒருவழி செய்தேன். விரல் இடுக்கிலும் நகத்தோரத்திலும் வருடக்கணக்காக ஊறிய பழுப்புக் கறை இருந்தது. மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழத் தோல், துணி சோப்பு என்று மாற்றி மாற்றித் தேய்த்துப் பார்த்தேன். அது போவதாக இல்லை. சரி, கையை மேசைக்கு அடியிலேயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். அவருடைய மொத்தத் தகுதியும் அந்தக் கையில் இருந்தது. அதை மறைக்கச் சொன்ன என் புத்தியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

இன்டர்வியூ அன்று நானும் கூடப் போனேன். இஸ்திரி போட்ட சட்டை, சித்தப்பாவிடம் வாங்கிய பேன்ட். அரையில் பேன்ட் நிற்கவில்லை என்று வழியெல்லாம் பிடித்துக்கொண்டே வந்தார். கம்பெனி வாசலில் என்னை உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். பன்னிரண்டு பேர் போனதை எண்ணினேன். ஒருவர் ஒருவராகப் பதினொரு பேர் வெளியே வந்தார்கள். அப்பா வரவில்லை.

சாப்பாட்டு மணி அடித்தது. பெண்கள் கூட்டம் கூட்டமாக வெளியே வந்து, தூக்குப் பாத்திரங்களைத் திறந்து, சாப்பிட்டு, சிரித்து, திரும்ப உள்ளே போனார்கள். அப்பா வரவில்லை. மயக்கம் போட்டு விழுந்துவிட்டாரா, வெட்கப்பட்டுப் பின்பக்கமாகப் போய்விட்டாரா என்று கண்டதையும் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டரை மணிக்குத் தாங்க முடியாமல் வாட்ச்மேனிடம் அழுதேன். அவர் உள்ளே போய், நேர்காணல் செய்த மேனேஜர் அம்மாவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். "அவரையா? காலையிலேயே முடிச்சு, வெளிய இருக்கச் சொல்லி அனுப்பிட்டோமே" என்றார் அந்த அம்மா.

மூவருமாகத் தேடினோம். ஆபீஸ் தாழ்வாரத்துக்கு எதிரிலேயே ஒரு பெரிய கொட்டகை. வடக்கு ஜன்னலோரம் நீளமான மேசை. அங்கே அப்பா நின்றுகொண்டிருந்தார். சட்டைக்கை முழங்கை வரை மடித்திருந்தது, காதில் சாக்பீஸ். தோல்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார், வட்டம் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மூன்று அடுக்கு ஏறியிருந்தது.

"யாரு உங்கள உள்ள விட்டது?" என்று மேனேஜர் அம்மா சத்தம் போட்டார்.

அப்பா திகைத்துப்போனார். "நீங்கதானே மேடம் சொன்னீங்க, செலக்‌ஷன் முடியற வரைக்கும் இருங்கன்னு. இன்னும் ஒரு பண்டல் பாக்கி இருக்குது."

அந்த அம்மா சொன்னது ஆள் தேர்வு. அப்பா கேட்டது ஆட்டுத்தோல். அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று இருபது வருடத்தில் யாரும் அவருக்குச் சொன்னதில்லை. இதுதான் நிஜமான பரீட்சை, அறைக்குள் நடந்ததெல்லாம் சும்மா பேச்சு என்று நினைத்து, நேராக மேசைக்குப் போய்விட்டிருக்கிறார்.

மேசையின் அடுத்த முனையில் இருந்த ரஹீம் பாய், அங்கே செலக்‌ஷன் மாஸ்டர், மெதுவாக வந்தார். "மேடம், நீங்க அனுப்பின ஆளுன்னுதான் நானும் நெனச்சேன். நாலு பண்டல் முடிச்சிருக்காரு. நான் திருப்பிப் பாத்தேன். ரெண்டு பீஸ்தான் மாத்தி வச்சேன், அதுல ஒண்ணு என் தப்பு."

மேனேஜர் அம்மா அடுக்குகளைப் பார்த்தார், அப்பாவின் கையைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்தபடி அப்பா அதைப் பின்னால் மறைத்துக்கொண்டார். "கண்ணு தெரியாதுன்னு சொன்னீங்களே?" என்றார் அந்த அம்மா.

நான் அப்பாவை முறைத்தேன். பலவீனம் என்ன என்று கேட்டபோது, நான் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்ததை விட்டுவிட்டு, "கிட்டப் பார்வ கொஞ்சம் கம்மி மேடம்" என்று சொல்லியிருக்கிறார்! தரம் பார்க்கிற வேலைக்குப் போன மனிதர்! தன்மேலேயே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"கண்ணாடி போட்டுக்கறேன் மேடம்" என்றார் அப்பா. "ஆனா தோலு வெரலுக்குத் தெரியும்."

"மொதல்ல கண்ணாடி வாங்குங்க. திங்கக்கெழம வாங்க" என்றார் அந்த அம்மா.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நான் அழுதேன், சிரித்தேன், எதுவென்று எனக்கே தெரியவில்லை. அப்பாவுக்கு மட்டும் ஒரு குறை. "ஹாபி கேக்கவே இல்லம்மா" என்றார்.

திருப்பூருக்குப் போகவில்லை. அந்தக் கம்பெனியில் ஒன்பது வருடம் இருந்தார். தினமும் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தார், குளித்தார், ரேடியோவைத் திருகினார். அந்தச் சம்பளத்தில்தான் நான் மேலே படித்தேன். படித்து முடித்ததும் எனக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. ஆம்பூர் ஸ்டேஷனில் என்னை வண்டி ஏற்றிவிட்டபோது, "லீவு கெடச்சா வந்துட்டுப் போம்மா" என்றார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு கொஞ்சதூரம் நடந்தார். நான் கையை ஆட்டினேன். புது ஊர், புது வேலை, என் கண்ணெல்லாம் முன்னால்தான் இருந்தது.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை, அந்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அம்மா என்னோடு இருக்கிறாள். மாதனூர் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்திருக்கிறோம். அம்மா சில நாள் சும்மா சொல்வாள், நான் வேலைக்குப் போன பிறகு அவர் ஆறரைக்கு வந்ததும் முதலில் கேட்பது, "பாப்பா போன் பண்ணுச்சா?" என்பதுதானாம். பாதி நாள் நான் பண்ணியிருக்கமாட்டேன். வேலை இருந்தது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போனேன், அதுவும் எல்லா வருடமும் இல்லை. அப்பா அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றுதான் நான் அவ்வளவு பாடுபட்டேன். அவர் இருந்தார். நான்தான் இல்லை.